ஏ ஷிஃப்டுக்கு எவ்ளோ உப்பு

மீட்டர் தப்புன்னா ஒத்துக்கலாம் சார். மீட்டர் கரெக்டு. அதான் இங்க பிரச்சனையே. இந்தாங்க, புடிங்க... பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது. டார்ச்சு மாதிரி கீதேன்னு பாக்கறீங்களா? டார்ச்சு இல்ல, தண்ணில எவ்ளோ உப்பு கீதுன்னு பாக்கற மீட்டரு. இந்தக் கண்ணாடி மேல ஒரு சொட்டு விட்டு, மூடிய மூடிட்டு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தீங்கன்னா உள்ள நீலமும் வெள்ளையும் தனித்தனியா தெரியும். ரெண்டும் பிரியற கோடு எந்த நம்பர்ல நிக்குதோ, அதான் உப்பு. இல்ல இல்ல, இப்ப கண்ணுல வெக்காதீங்க. நீங்க பாத்தா எனக்கும் பாக்கணும்னு வரும். பேக்ல போட்டுக்கங்க. டிபன் பாக்ஸுக்கு அடில... ஆங், அப்டி.

ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. கெஞ்சுவேன். கம்பெனிக்கு ஆடிட்டர் வராரு, மீட்டரு அர்ஜென்ட்டுன்னு கூட சொல்லுவேன். குடுக்காதீங்க.

இன்னாடா இது, கீழ் வூட்டுக்குக் குடிவந்து இன்னும் பால் கூட சொல்லி வெக்கல, அதுக்குள்ள மேல் வூட்டுக்காரன் கேட்டாண்ட நிறுத்தி வெச்சி மீட்டர திணிக்கறானேன்னு நெனைப்பீங்க. தாவீதுன்னுதான சொன்னீங்க பேரு? நான் கண்ணப்பன். ஒரகடத்துல கியர் பண்ற கம்பெனி, அதுல குவாலிட்டி. அளக்கறதுதான் சார் என் பொழப்பு. தலமுடிய எத்தனையோ பங்கு போட்டு, அதுல ஒரு பங்கு ஜாஸ்தியா இருந்தா தூக்கி ரிஜக்ட் பின்ல போடற ஆளு. இன்னிக்கு மட்டும் லீவு. ஏன் லீவுன்னா... சொல்றேன். உங்க பஸ்ஸுக்கு டைம் கீதுல்ல? பி ஷிஃப்டா நீங்க? சார், அத மட்டும் மெதுவா சொல்லுங்க. மேல லீலா காதுல வுழுந்தா அழுவா. லீலா என் வூட்டுக்காரம்மா. பி ஷிஃப்ட்டு எங்க மீனு. செத்துப்போச்சு.

சிரிக்கலாம், பரவால்ல. பேரு வெச்சது அவதான். ரெண்டு மீனு வாங்கியாந்தேன், ஆரஞ்சுக் கலரு, குறுக்க வெள்ளப் பட்டை. ஒண்ணு காலைல சுறுசுறுப்பா சுத்தும், அப்ப இன்னொண்ணு மூலைல கவுந்து கெடக்கும். மத்தியானத்துக்கு மேல இது போய் படுத்துக்கும், அது எழுந்து வரும். லீலா பாத்துட்டு, இதுங்களும் கம்பெனிக்குத்தான் போவுது போலக்கீதுன்னா. அப்டியே ஒண்ணு ஏ ஷிஃப்ட்டு, ஒண்ணு பி ஷிஃப்ட்டு. எனக்கு முன்னாடி அதுங்களுக்குத்தான் சார் வூட்ல சாப்பாடு.

எல்லாம் என் ப்ரஷர்ல ஆரம்பிச்சது. கம்பெனில வருஷா வருஷம் செக்கப் பண்ணுவாங்கல்ல, அதுல ஏறிக்கினு கீதுன்னுட்டாங்க. டாக்டரம்மா உப்ப கொறைங்கன்னாங்க. கோவத்த கொறைங்கன்னாங்க. அப்புறம் சும்மா ஒரு பேச்சுக்கு, வூட்ல மீன் தொட்டி வெச்சி பாத்துக்கினு இருங்க, மனசு அடங்கும்னாங்க. அந்தம்மா சொன்னது சாதாரண தங்கமீனு. கொழா தண்ணில வளர்ற மீனு. நான் ஒருத்தன், எத எடுத்தாலும் அதுல கஷ்டமானதா பாத்து தேடிப் போற ஜென்மம். மறைமலை நகர்ல ஒரு கடைல இந்த ரெண்டும் நின்னுச்சுங்க. கடல் மீனு சார், உப்புத் தண்ணிலதான் இருக்கும், உப்ப அளந்து அளந்து போடணும், உங்களால முடியாதுன்னான் கடைக்காரன். அளக்கணும், முடியாது. ரெண்டே வார்த்த. நான் அங்கயே வுழுந்துட்டேன்.

இப்ப வூட்ல நெலம இன்னா தெரியுங்களா? எனக்கு உப்பு போடாத ரசம். மீனுக்கு பக்கெட் பக்கெட்டா உப்பு. வேணும்னா தொட்டிலேர்ந்து ஒரு கரண்டி மொண்டு ஊத்திக்கங்கன்றா லீலா.

சரி, எவ்ளோ உப்பு? இதக் கேட்டா ஒருத்தனும் ஒரே நம்பர் சொல்ல மாட்டேன்றான் சார். வெறும் தண்ணி ஒண்ணுன்னா, உப்புத் தண்ணி ஒண்ணு பாயின்ட் சைபர் ரெண்டு அஞ்சுன்னு வரும். நீங்க கடைசி ரெண்டு மட்டும் வெச்சிக்கங்க, இருபத்தஞ்சு. கடைக்காரன் இருபத்திரெண்டு போதும்ன்றான். உப்பு கம்மியா இருந்தா மீன் மேல பூச்சி கம்மியாம். அவனுக்கு உப்புச் செலவும் கம்மி, அத சொல்ல மாட்டான். உப்புப் பாக்கெட்டுல வேற நம்பர். யூட்யூப்ல ஒரு வெள்ளக்காரன் இருபத்தாறுக்குக் கீழ எறக்கினா பாவம்ன்ற மாதிரி பேசறான். கேரளாக்காரர் ஒருத்தர், பொறுமையான மனுசன், இருபத்தி மூணுலேர்ந்து இருபத்தாறுக்குள்ள எங்க வேணா வெச்சிக்கங்க, வெச்ச எடத்துல வுட்டுடுங்கன்றாரு. எனக்கு அவர சுத்தமா புடிக்கல. எங்க வேணான்னா? இது இன்னா பைக்கா, எங்க வேணா நிறுத்தறதுக்கு?

எங்க மெயின்டெனன்ஸ்ல கொம்பையான்னு ஒருத்தரு, தூத்துக்குடிக்காரரு. கடல் ஊர்ல பொறந்தவராச்சேன்னு கேன்டீன் க்யூல புடிச்சி, அண்ணே, கடல்ல உப்பு எவ்ளோண்ணேன்னேன். தட்டக் கையில வெச்சிக்கினு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"எந்தக் கடலு அண்ணாச்சி? எந்த மாசத்துல?"

மழ பேஞ்சா ஒரு மாதிரியாம், கோடைல ஒரு மாதிரியாம். கொழம்பு வெச்சா எல்லாம் ஒண்ணுதான்னுட்டு சாம்பார் பக்கம் நவுந்துட்டாரு. கடலுக்கே அளவு போட்ட ட்ராயிங் இல்ல சார். நீங்க எந்தப் பக்கம்? நாகர்கோவிலா? பாருங்க, அவ்ளோ பெரிய கடல பக்கத்துல வெச்சிக்கினு ஒரு தடவையாவது எவ்ளோன்னு பாத்திருப்பீங்களா? மாட்டீங்க. எப்டி தூக்கம் வந்துச்சு உங்களுக்கெல்லாம்?

நான் இருபத்தஞ்சுன்னு முடிவு பண்ணேன். ரேஞ்சு எது குடுத்தாலும் அதுல ஒரு எடத்த புடிச்சி ஆணி அடிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும். சரியா இருபத்தஞ்சுல நிறுத்தி, தொட்டி மேல ஒரு பச்ச ஸ்டிக்கர் ஒட்டினேன், கம்பெனில அளக்கற கேஜு கரெக்டா இருந்தா ஒட்டறது. லீலா அதப் பாத்துட்டு, எனக்கு எப்ப ஒட்டப் போறீங்கன்னா.

மொதல்ல நல்லாத்தான் போச்சு. அப்புறம் நம்ம ஊரு வெய்யிலு, தலைக்கு மேல ஃபேனு, தொட்டித் தண்ணி மெல்ல மெல்ல கொறையுது. கொறஞ்சா ஊத்தணும்ல? இங்கதான் சார் நான் சிக்கினேன். நீங்க அசெம்பிளி லைனு, உங்களுக்குத் தெரியாது. எங்க மெஷின்ல இரும்பு வெட்டறப்ப சூடு ஏறாம இருக்க எண்ணெ கலந்த தண்ணி ஓடிக்கினே இருக்கும். அது கொறஞ்சா வெறும் தண்ணி ஊத்தவே கூடாது. ஏன்னா இரும்புத் தூளோட ஒட்டிக்கினு எண்ணெயும் போயிடும். அதனால கலந்துதான் ஊத்தணும். வெறும் தண்ணிய ஊத்தற ஆப்பரேட்டர நான் வுட்டதே இல்ல, லைன் முழுக்கக் கேக்கற மாதிரி திட்டுவேன். அதே புத்தி. வூட்லயும் உப்புத் தண்ணி கலந்து, அத இருபத்தஞ்சுன்னு செக் பண்ணி, அப்புறமாத்தான் ஊத்தினேன். எவ்ளோ சுத்தமா செஞ்சேன் தெரியுங்களா? கைய கழுவிக்கினு.

மறுபடி பாத்தா மீட்டரு இருபத்தாறுன்னு காட்டுது. இருபத்தஞ்சு இருந்துச்சு, இருபத்தஞ்சு ஊத்தினேன், எப்டி சார் இருபத்தாறு வரும்? மீட்டர் மேலதான் சந்தேகம். சுத்தமான தண்ணி விட்டு சைபர் பாத்தேன், சைபர்ல நிக்குது. ஆன்லைன்ல ஒரு சின்ன புட்டி விக்கறாங்க, அளந்து வெச்ச உப்புத் தண்ணி, மீட்டர சரி பாக்கறதுக்குன்னே. அத வாங்கி விட்டுப் பாத்தேன். ஒரு மயிரிழ தப்பு இல்ல.

சரின்னு கேன் தண்ணி ஒரு சொம்பு ஊத்தி எறக்கினேன். இருபத்தி நாலுக்குப் போயிடுச்சு. உப்பு கரைச்சி ஏத்தினேன். கொஞ்சம் தாண்டிடுச்சு. திரும்ப ஒரு சொம்பு. வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வந்து ஷூவக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ. இப்டி ஊத்தி ஊத்தி தொட்டி ரொம்பும்ல, அதுல ரெண்டு மக்கு மொண்டு பால்கனிலேர்ந்து கீழ வுட்டுடுவேன். உங்க வாசல்ல ஒரு கருவேப்பிலைச் செடி குச்சியா நிக்குது பாருங்க... ஆமா. அது என் கணக்குதான். ஹவுஸ் ஓனரு எதனா பூச்சி வுழுந்திருக்கும்னு வேப்பெண்ண அடிச்சிக்கினு இருக்காரு. நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க.

அப்பவும் மீன் ரெண்டும் தின்னுக்கினுதான் இருந்துச்சுங்க. கொஞ்சம் கொஞ்சமா பி ஷிஃப்ட்டு மட்டும் எழுந்து வர்றத வுட்டுச்சு. ஒரு நாள் காலைல பல்லு வெளக்கிக்கினே வந்து பாக்கறேன், அடில சாஞ்சி கெடக்குது. அந்த வெள்ளப் பட்டை மட்டும் எப்பவும் போல பளிச்சுன்னு.

லீலா பக்கத்துல வந்து நிக்கறா. நான் இன்னா செஞ்சேன் தெரியுங்களா சார்? மொதல்ல ஒரு சொட்டு எடுத்து மீட்டர்ல விட்டேன். வாய்ல பேஸ்ட்டு நொர. ஜன்னல் பக்கம் திரும்பிப் பாத்தா, இருபத்தஞ்சு. கோடு ஆடாம அசையாம நான் சொன்ன எடத்துல நிக்குது. அவகிட்ட அதத்தான் சொன்னேன். ரீடிங் கரெக்டாதான் கீது லீலான்னு.

இப்ப வரைக்கும் அத நெனச்சாக்க... ஒரு மனுசன் அந்த நேரத்துல சொல்ற வார்த்தையா அது? உங்ககிட்ட யாராவது வந்து சொல்லியிருந்தா, இவன் இன்னாடா ஆளுன்னு நெனச்சிருப்பீங்கல்ல? நானும் அதான் நெனைக்கறேன். ஆனா அப்ப வாய்ல வந்தது அதுதான்.

அவ திட்டினா கூட பரவால்ல. திட்டல. ஒரு வாரமா வேணும்ன்றத மட்டும் பேசறா. சாப்பாடு கீது. கரண்ட் பில்லு வந்துச்சு. சட்டையக் கழட்டிப் போடுங்க. நேத்து அந்த யூனிஃபார்ம் சட்டைய தண்ணில முக்கப் போனவ திரும்பி வந்து, அத விரிச்சி என் மூஞ்சிக்கு நேரா புடிச்சா. முதுகுல வேர்வ காஞ்சி வெள்ள வெள்ளயா பூத்துக் கெடக்குது.

"தண்ணி போயிடுச்சு, உப்பு நின்னுடுச்சு. இத டெய்லி முதுகுல தூக்கினு வரீங்க, தெரியாதா உங்களுக்கு?"

அவ்ளோதான் சார். தொட்டில காயறது வெறும் தண்ணி, உப்பு அங்கயேதான் கீது. நான் அது மேல உப்புத் தண்ணிய ஊத்தினா ஏறாம இன்னா பண்ணும்? டிப்ளமோ படிச்சவன். எனக்கு மெஷின்தான் தெரிஞ்சுது, என் சட்ட தெரியல.

அதோட வுட்டாளா? போன வருஷம் கம்பெனில ஃபேமிலி டேன்னு வூட்டு ஆளுங்கள கூட்டினு போனோம். நான் புதுப் பசங்களுக்கு க்ளாஸ் எடுக்கறத ஒரு ஓரமா நின்னு கேட்டிருக்கா. அளவு லிமிட்டுக்குள்ள இருந்தா மெஷின்ல கை வெக்காத. கொஞ்சம் மேல போவும், கொஞ்சம் கீழ வரும், அது அதோட இயல்பு. நீ ஒவ்வொரு பீஸுக்கும் திருத்தப் போனா நல்லா ஓடற மெஷினையும் கெடுத்துடுவ. நான் சொன்னது, என் வாயாலயே, மைக்கு வெச்சி. அத ஒரு வார்த்த வுடாம திருப்பிச் சொல்லிட்டுக் கேக்கறா:

"உங்க லைன்ல ஒருத்தன் இப்டி பண்ணியிருந்தா அவன இன்னா பண்ணுவீங்க?"

இன்னா பண்ணுவேன்? கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பேன்.

இப்ப ஏ ஷிஃப்ட்டும் திங்க மாட்டேன்னுது. அதான் இன்னிக்கு லீவு. உருண்ட உருண்டையா தீனி போட்டா, கிட்ட வந்து மூந்து பாத்துட்டு திரும்பிப் போயிடுது, என் ரசத்தப் பாத்து நான் திரும்பற மாதிரி. லீலா முடிவா சொல்லிட்டா. தொட்டி கண்ணாடில அவ நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டிருக்கா. மட்டம் கோட்டுக்குக் கீழ எறங்கினா அவளே கேன் தண்ணி ஊத்துவா. நான் ஒரு வாரம் கிட்ட வரக் கூடாது, மீட்டர தொடக் கூடாது. தொட்டேன்னு தெரிஞ்சுது, ஏ ஷிஃப்ட்ட கவர்ல போட்டு மறைமலை நகர் கடைலயே குடுத்துட்டு வந்துடுவா. சொன்னா செய்வா சார். எங்கிட்ட ஒரு ப்ரஷர் பாக்கற மிஷின் இருந்துச்சு. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ கையில சுத்திப் பாப்பேன். பாக்கப் பாக்க ஏறும், ஏற ஏறப் பாப்பேன். ஒரு நாள் அதத் தூக்கி தங்கச்சி வூட்டுக்குக் குடுத்தனுப்பிட்டா. அடுத்த செக்கப்புல எறங்கியிருக்குன்றாங்க. நான் அத தற்செயல்னுதான் இப்பவும் சொல்லிக்கினு இருக்கேன்.

அதோ, உங்க பஸ்ஸா அது? இருங்க, இருங்க, அந்த கன்டெய்னர் வண்டி ரிவர்ஸ் எடுக்கறான், அது முடியறதுக்குள்ள நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். இந்த ரோட்ல கடல் மீன வளர்த்துடலாம், ட்ரெய்லர திருப்ப முடியாது.

சார்... இப்ப நான் சொன்னனே, கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. அது நாளைலேர்ந்து. இன்னிக்கு பஸ்ஸு ஏறறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துடறேன். தொட்டியத் தொட மாட்டேன். உப்பு போட மாட்டேன், தண்ணி ஊத்த மாட்டேன். எவ்ளோ கீதுன்னு தெரிஞ்சிக்கினா போதும், தெரிஞ்சிக்கினு சும்மா இருந்துடுவேன். மேல கூட போவ வேணாம், இந்தா, பாக்கெட்டுல இங்க் ஃபில்லர்ல தொட்டித் தண்ணி கொண்டாந்திருக்கேன். அவ குளிக்கப் போனப்ப எடுத்தேன்... ஐயோ, சட்டயெல்லாம் ஒழுவிக் கெடக்குது. பரவால்ல, ஒரு சொட்டு நிக்குது. குடுங்க சார் சீக்கிரம், காயப் போவுது. காஞ்சா ரீடிங் ஏறிடும்.

இன்னா சார் பேக்க பின்னாடி மறைக்கறீங்க? நல்ல மனுசன்னு நெனச்சேன். சார், நடக்காதீங்க... தாவீது சார்... படி ஏறிட்டாரு. ஜன்னல் சீட்டுல உக்காந்தீங்கல்ல, அப்டியே வெளிய நீட்டுங்க, இங்கேர்ந்தே ஒரு கண்ணு பாத்துக்கறேன். டிரைவரண்ணே, ஒரு நிமிசம். ட்ரெய்லர்தான் இன்னும் போவலயே... போயிட்டானா? இத்தன நாளா அர மணி நேரம் திருப்புவான், இன்னிக்குத்தான் ஒரே மூச்சுல திரும்பணுமா?

சார், டிபன் பாக்ஸு மேல வெக்காதீங்க அத. கண்ணாடி கீறிடும். சார்...

போயிட்டாரு. கையாட்டிக்கினே போறாரு பாரு. சிரிக்கறாரா? சிரிக்கறாரு.

...

இன்னா லீலா? பால்கனில நின்னுக்கினு இன்னா ஜாட காட்டற? கேக்கல... ஏ ஷிஃப்ட்டா? சாப்டுச்சா? நெஜமாவா? துப்பலயே? ரெண்டு உருண்டையா... மேல வந்து வாங்கிச்சா?

நான் இங்கதான் கேட்டாண்ட. கீழ் வூட்டு சார பஸ் ஏத்திட்டு... சட்டையா? அது ஒண்ணுமில்ல, பேனா ஒழுவிடுச்சு. காஞ்சா வெள்ளயா பூக்கற இங்க் இருக்குமான்னா? இருக்கும் லீலா, இப்பல்லாம் எல்லாம் வருது. சரி, சரி, தொட்டித் தண்ணிதான்.

சாப்டுச்சே. எவ்ளோல கீதுன்னு தெரிஞ்சா அந்த நம்பர அப்டியே ஸ்டிக்கர்ல எழுதி... இல்ல. ஒண்ணுமில்ல. ஒண்ணும் கேக்கல. மீட்டர் பஸ்ல போவுது, இந்நேரம் இருங்காட்டுக்கோட்டை ரோட்ல ஏறியிருக்கும்.

நானும் வந்து பாக்கலாமா? தள்ளி நின்னுதான்.

வெறுங்கைதான் லீலா. இந்தா, பாத்துக்க.